மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் இறுகுதா? பம்ப் மாற்ற முதல் இதைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது ஹைட்ரோலிக் பவர் ஸ்டியரிங் (எஞ்சினால் சுற்றுகிற பம்ப் ஓயிலை அழுத்தி, திருப்ப உதவுவது) உள்ள பழைய ஜப்பான் கார். அதன் ஓட்டம் முழுக்கத் திருகோணமலைக்குள்தான்: உவர்மலையில் இருந்து டவுன், இடைக்கிடை நிலாவெளி, கிண்ணியா. கந்தளாய்ப் பக்கம் நேர் ரோட்டில் போகும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மத்திய சந்தையடியில் ரிவேர்ஸ் எடுத்து நிறுத்தும்போதும், கோணேஸ்வரம் கோயிலுக்குப் போகிற கோட்டைக்குள் மான்களுக்கு நின்று நின்று திருப்பும்போதும் தோள்மூட்டு நோகிற அளவுக்கு இறுக்கம். இது திருத்தி இரண்டு மாரி கழிந்துவிட்டது, திரும்ப வரவில்லை, அதனால்தான் நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

மெதுவாகப் போகும்போது மட்டும் ஏன் இறுகுது என்றால், டயர் உருளாமல் நின்ற இடத்தில் திரும்பும்போது ரப்பர் ரோட்டில் உரசித்தான் திரும்ப வேண்டும், அதற்குத்தான் ஆகக் கூடிய பலம் தேவை. அந்த நேரம் பார்த்து எஞ்சினும் ஐட்லில் இருக்கும், பம்பும் மெதுவாகத்தான் சுற்றும். ஆகவே டயர், பெல்ட், ஓயில், பம்ப், ராக் (ஸ்டியரிங் திருப்புவதைச் சில்லுகளுக்குக் கடத்துகிற பல்லுச் சட்டம்), ஜொயின்ட் என்று எதில் பிழை இருந்தாலும் அது முதலில் தெரிவது இந்த மெதுவான ஓட்டத்தில்தான். இதனால்தான் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். நான் முதலில் காட்டிய கராஜில் கதவைக்கூடச் சரியாகத் திறந்து பார்க்காமல் "ராக் போயிட்டு தம்பி, பாவிச்ச ராக் ஒன்று எடுப்பம்" என்றார்கள். ராக் என்பது சின்னச் செலவு இல்லை, மாற்றினால் வீல் அலைன்மென்ட்டும் திரும்பச் செய்ய வேண்டும், அதனால் நான் சம்மதிக்கவில்லை.

காசு செலவில்லாததில் இருந்து தொடங்குங்கள். முன் டயர்களில் காற்று சரியா? எவ்வளவு அடிக்க வேண்டும் என்று டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். அப்புறம் பவர் ஸ்டியரிங் ஓயில் மட்டம்; குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுப் போகாமல் எங்கே ஒழுகுது என்று தேடுங்கள், நுரைத்திருந்தால் காற்று உள்ளே போயிருக்கிறது. முழுக்கத் திருப்பும்போது கீச்சென்று சத்தம் வந்தால் பெல்ட் வழுக்குது. என்னுடைய காரில் இவை எல்லாமே சரியாக இருந்தன.

எனக்கு வழி காட்டியது வேறொன்று. ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஒரு திருப்பம் எடுத்து, வெளியே வரும்போது பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். நல்ல கார் என்றால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வரும். பவர் உதவி குறைந்த கார்கூட, திருப்பக் கனமாக இருந்தாலும், ஓடத் தொடங்கினால் நடுவுக்கு வரப் பார்க்கும். என்னுடையது திருப்பிய இடத்திலேயே நின்றது. இறுக்கமும் இருந்து, திரும்பியும் வராவிட்டால் பம்பை விட்டுவிட்டு எங்கேயோ இரும்பு பிடிக்குது என்று தேடுவதுதான் சரி.

உவர்மலைக்குக் கீழே ஒரு வயதான மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், அவரிடம் இதைச் சொன்னதும் காரை ஜாக்கி அடித்து, இரண்டு முன் சில்லும் நிலத்தில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் கையால் திருப்பச் சொன்னார். ஓயிலைத் தள்ளுகிற சின்ன எதிர்ப்பு இருக்கும், ஆனால் அது ஒரே சீராக இருக்க வேண்டும். எனக்கு ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் லேசானது. ஸ்டியரிங் கம்பியையும் ராக்கையும் இணைக்கிற யூ ஜொயின்ட்டின் நடுவில் இருக்கிற சிலுவை வடிவத் துண்டு ஒரு அச்சில் இறுகிப்போனால் இப்படித்தான் காட்டும். ராக்குக்குப் பக்கத்தில் கீழே இருக்கிற அந்த ஜொயின்ட்டில் டோர்ச் அடித்துப் பார்த்தால் செம்மண் நிறத்தில் கறள். மாரியில் ரோட்டுத் தண்ணீர் அடிக்கிற இடம், அதோடு எங்கள் ஊர் உப்புக்காற்றும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்!

அவர் அதில் கறள் இளக்குகிற ஸ்பிரே அடித்து, ஊறவிட்டு, இரண்டு பக்கமும் திருப்பினார். உடனே லேசானது. ஆனால் அதைத் திருத்தம் என்று நினைத்து நிறுத்திவிடக் கூடாது, கொஞ்ச நாளில் பழையபடி இறுகும் என்று அப்போதே சொன்னார், அப்படியே நடந்தது. பிறகு ஜொயின்ட்டோடு சேர்ந்த அந்தச் சின்னக் கம்பியையே மாற்றினோம். ராக் மாற்றியிருந்தால் வந்திருக்கும் செலவோடு ஒப்பிட்டால் இது சொற்பம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது நிறைய. சில்லுகள் நேராக இருக்க வேண்டும். கழற்ற முதல், கம்பி பொருந்துகிற பற்களில் பெயின்டால் அடையாளம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் கோணலாக நிற்கும். எயார்பேக் உள்ள கார் என்றால் கம்பி கழன்றிருக்கிற நேரம் ஸ்டியரிங் சுற்றாதபடி கட்டிவையுங்கள், சுற்றினால் உள்ளே இருக்கிற சுருள் வயர் அறுந்துவிடக்கூடும். போல்ட்டைக் கம்பனி சொன்ன அளவுக்கு இறுக்கினார்களா என்று கேளுங்கள், உயிர் அந்தப் போல்ட்டில்தான் இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு சேர்விஸுக்கும் அந்த ஜொயின்ட்டைப் பார்க்கச் சொல்கிறேன், கடற்கரையில் நிறுத்திவிட்டு வந்தால் காரின் அடியை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். சந்தையடியில் ரிவேர்ஸ் எடுக்க இப்போது என் மனைவிக்கும் சிரமம் இல்லை, முன்பு இந்தக் காரை எடுக்கவே மாட்டார்.

திருப்பும்போது முன்பக்கம் ஸ்பிரிங் "டொங்" என்று துள்ளினால் ஷொக் அப்சோர்பருக்கு மேலே இருக்கிற பெயாரிங்கைப் பாருங்கள், அதுவும் இப்படி இறுக்கும். பெரும்பாலான புதிய கார்களில் ஸ்டியரிங்குக்கு ஓயிலே இல்லை, மின் மோட்டார்தான் உதவுகிறது. அதில் இறுக்கம் வந்து டாஷ்போர்டில் ஸ்டியரிங் லைட்டும் எரிந்தால், எதையும் கழற்ற விட முதல் பற்றரியின் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள்; என் மச்சானுடைய காரில் பழைய பற்றரியை மாற்றியதோடு எல்லாம் சரியாகிவிட்டது.