பழைய எலக்ட்ரிக் கார் வாங்கப் போறவங்க டேஷ்போர்டு காட்டுற பேட்டரி கட்டைய நம்பாதீங்க, நான் நம்பி மாட்டிக்கிட்டேன்

வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, ஆனா செகண்ட் ஹேண்ட் இவி தேடிட்டு இருக்கீங்கன்னா தயவுசெஞ்சு முழுசா படிச்சிடுங்க. கார் பேரு போடல, ஏன்னா என்னை ஏமாத்துனது கார் கம்பெனி இல்ல, கார வித்த ஆளு.

ஏழு வருஷம் ஓடின கார், புதுசுல 30 கிலோவாட் ஹவர், அதாவது 30 யூனிட் கரண்ட் புடிக்கிற பேட்டரி. பார்க்கப் போனப்போ 100% சார்ஜ் போட்டு ரெடியா வச்சிருந்தார். பேட்டரி ஹெல்த்த, அதாவது புதுசுல புடிச்சதுல இப்போ எவ்வளவு புடிக்கும்ங்கிறத காட்டுற கட்டை 12க்கு 12, ரேஞ்ச் 190 கிலோமீட்டர். "ஒரே ஓனர், பேட்டரி புதுசு மாதிரி இருக்கு சார்"னு சொன்னார், நானும் ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துட்டு சரின்னுட்டேன். ஏழு வருஷ பேட்டரி கொஞ்சம் கூட தேயாம இருக்குன்னா அங்கயே சந்தேகம் வந்திருக்கணும், எனக்கு அது நல்ல விஷயமா தெரிஞ்சுது.

முதல் ரெண்டு வாரம் பிரச்சனையே இல்ல. மூணாவது வாரம் ஒரு கட்டை போச்சு. அந்த கார்ல முதல் கட்டை போகணும்னாலே 15% கெபாசிட்டி காலின்னு அர்த்தம், அது அப்போ எனக்கு தெரியாது. அப்புறம் ஒண்ணொண்ணா இறங்கி மூணு மாசத்துல 8ல வந்து நின்னுச்சு. ஒரு மெக்கானிக்க புடிச்சு கேட்டா அவர் பார்த்த உடனே சொல்லிட்டார், டயக்னாஸ்டிக் டூல் போட்டு பேட்டரி கன்ட்ரோலர்ல இருக்குற பழைய கணக்க அழிச்சிருக்காங்க, அப்படி அழிச்சா கார் தன்னோட பேட்டரி புதுசுன்னு எடுத்துக்கும், அப்புறம் ஓட ஓட, சார்ஜ் ஏற ஏற நிஜ அளவு தெரிஞ்சு தானா இறங்கி வரும்னு. விக்கிற வரைக்கும் 12 காட்டுனா போதும்ல வித்தவருக்கு.

நானும் வீட்டுல ஒரு தடவை அளந்து பார்த்தேன். பிளக்குல மாட்டுற யூனிட் மீட்டர் ஒண்ணு வச்சு 10%ல இருந்து 100% வரைக்கும் சார்ஜ் போட்டேன், மீட்டர்ல 19.5 யூனிட் ஓடியிருந்துச்சு. சார்ஜ் ஆகுறப்போ சூடாகி வீணாகுறது பத்து பன்னெண்டு சதவீதம் கழிச்சா பேட்டரிக்குள்ள போனது 17 சொச்சம், அது 90%க்குன்னா முழுசுக்கு 19. முப்பது இருக்க வேண்டிய இடத்துல 19, அதாவது 64% கூட இல்ல.

ரேஞ்ச் 190ன்னு காட்டுச்சே அது எப்படின்னா, அந்த நம்பர் கடைசியா எப்படி ஓட்டுனாங்களோ அத வச்சு கார் போடுற ஒரு உத்தேச கணக்கு. மெதுவா, ஏசி போடாம ஓட்டி வச்சா ஏறிடும். அதுல கட்டை கணக்கையும் மாத்தி வச்சா கேக்கவே வேணாம். நிஜத்துல இப்போ நிதானமா ஓட்டுனா 120 வரும், ஹைவேல 100ல போனா 95 தாண்டாது, கடைசி 10% வரைக்கும் காலி பண்ணவும் தைரியம் வராது.

இத எல்லாம் அளந்து பார்க்குறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அப்பாவ ஆஸ்பத்திரில காட்டிட்டு வந்துட்டு இருந்தேன். வீட்டுக்கு 38 கிலோமீட்டர், டேஷ்ல 46. மழை, கண்ணாடி புகை புடிக்குதுன்னு டீஃபாகர் போட்ட உடனே 46 முப்பத்தொன்பது ஆகிடுச்சு. ஏசிய நிறுத்திட்டு ஜன்னல கொஞ்சம் இறக்கி வச்சா அப்பா மேல சாரல் அடிக்குது, அவர் ஒண்ணும் சொல்லல, அந்த நம்பரையே பார்த்துட்டு வந்தார். வழியில ஒரு ஃபாஸ்ட் சார்ஜிங் ஸ்டேஷன் இருந்துச்சு. நாலு சார்ஜிங் கன்ல மூணு சிசிஎஸ், எங்க கார்ல இருக்குறது சாடெமோ, ரெண்டும் வேற வேற மாதிரி பிளக், ஒண்ணு இன்னொண்ணுல மாட்டாது. சாடெமோ கன் ஒண்ணே ஒண்ணு, அது மேல பிளாஸ்டிக் கவர் கட்டி ரிப்பேர்னு எழுதியிருந்துச்சு. புதுசா வைக்கிற இடத்துல பெரும்பாலும் சிசிஎஸ் தான், சாடெமோ கார் வாங்குறவங்க நீங்க போற ரூட்ல அது எங்க இருக்கு, வேலை செய்யுதான்னு ஆப்ல மட்டும் பார்க்காம நேர்ல போய் பார்த்துட்டு வாங்குங்க. கடைசி ஆறு கிலோமீட்டர் டேஷ்ல ஆமை படம் வந்து பவர் குறைஞ்சு, பின்னாடி லாரி ஹாரன் அடிக்க அடிக்க ஓரமா ஊர்ந்து வந்து சேர்ந்தோம். அப்பாவுக்கு மறுநாள் காய்ச்சல்.

கார வித்தவர் சார்ஜிங் கேபிள்லயும் வேலைய காட்டியிருந்தார். கம்பெனி கேபிள்னு குடுத்தது ஏதோ மலிவான மாடல். வீட்டு பிளக்குல 10 ஆம்பியர்ல போட்டா 2.3 கிலோவாட் தான், எட்டு மணி நேரத்துக்கு மேல தொடர்ந்து ஓடும். நாலாவது நாள் விடியகாலை கருகுன வாசனை, போய் தொட்டா பிளக் கை வைக்க முடியாத சூடு, சாக்கெட்டோட ஓரம் பழுப்பா உருகியிருந்துச்சு. எலக்ட்ரீஷியன வச்சு காருக்குன்னே தனி லைன், தனி எம்சிபி (லோடு கூடுனா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) போட்டுட்டேன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மட்டும் யாரும் போட்டுடாதீங்க.

வித்தவர்கிட்ட போய் கேட்டேன். "பழைய போன் பேட்டரி மாதிரி தானே சார், நீங்க ஓட்டிப் பார்த்து தானே எடுத்தீங்க"ன்னு சொல்லிட்டு, இருக்குற நிலைல வாங்கிக்கிறேன்னு நான் கையெழுத்து போட்ட பேப்பர எடுத்து காட்டினார். பேட்டரி வாரன்டி பல கம்பெனில 8 வருஷம் வரைக்கும் இருக்கு, ஆனா ரெண்டாவது ஓனருக்கு மாறுமா, எத்தனை சதவீதத்துக்கு கீழ போனா மாத்தி தருவாங்கன்னு காசு குடுக்குறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர்லயே கேட்டுடுங்க. நான் கேக்கல. கேட்டிருந்தா அந்த காரோட பழைய பேட்டரி ரிப்போர்ட்டும் அப்பவே கிடைச்சிருக்கும். ரீசெட் பண்ணியிருந்தா ஓபிடி டாங்கிள் (கார்ல சொருகுனா உள்ள இருக்குற தகவல போனுக்கு அனுப்புற சின்ன கருவி) மாட்டி ஆப்ல பார்த்தாலும் பொய்யான ஹெல்த் தான் காட்டும், அதனால சார்ஜ் போட்டு யூனிட் அளந்து பாருங்க, முடியாதுன்னு சொல்றவர்கிட்ட வாங்காதீங்க.

போன வாரம் அதே ஆளு வேற ஒரு காருக்கு விளம்பரம் போட்டிருக்கார். ஆறு வருஷ கார், 12க்கு 12 கட்டை, டேஷ்போர்டு போட்டோ மட்டும் நாலு.