லெகோவில் நம்மூர் ரயிலும் டிப்பரும்: நீண்ட நாள் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

நாகர்கோவில் சந்திப்பில் நிற்கிற ஸ்லீப்பர் பெட்டியை, களியக்காவிளை பக்கம் ஜல்லி ஏற்றிப் போகிற 12 சக்கர டிப்பரை லெகோ கட்டைகளில் அச்சு அசலாகக் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். நீலம் எத்தனை, சாம்பல் எத்தனை என்று கணக்குப் போட்டு வாங்கிக் குவிக்கிறார்கள். கட்டி முடித்த பிறகு பெட்டி வளைவில் திரும்பாது. டிப்பரின் டயர் மட்காட்டுக்குள் அடங்காது. கட்டைகளை அடுக்கி எந்த அளவையும் வரவழைத்துவிடலாம். சக்கரம் மட்டும் கிடைக்கிற சில அளவுகளில்தான் கிடைக்கும். அதனால் சக்கரத்தில் தொடங்குங்கள். அகலம், நீளம், எடை, வளைவு எல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும்.

கணக்குக்கு வேண்டிய அளவுகள் கொஞ்சம்தான். கட்டையின் தலையில் இருக்கும் குமிழுக்கு ஸ்டட் என்று பெயர்; ஒரு ஸ்டட்டிலிருந்து அடுத்த ஸ்டட்டுக்கு 8 மி.மீ., கட்டையின் உயரம் 9.6 மி.மீ., பிளேட் எனும் தட்டைக் கட்டையின் உயரம் 3.2 மி.மீ. ஐந்து பிளேட்டை அடுக்கினால் 16 மி.மீ., அதாவது சரியாக இரண்டு ஸ்டட். ஸ்டட்டைப் பக்கவாட்டில் திருப்பிக் கட்டும் வேலை முழுக்க இந்த ஒரு பொருத்தத்தில்தான் நிற்கிறது.

முதலில் ரயில். நம் ரயில்பெட்டியின் சக்கர விட்டம் 915 மி.மீ. அதை 50-ஆல் வகுத்தால் 18.3 வரும்; லெகோவின் சாதாரண ரயில் சக்கரம் அதற்கு மிக அருகில் இருக்கிறது. சென்னை ஐசிஎஃப் தொழிற்சாலைப் பெட்டியின் அகலம் 3,245 மி.மீ.; அதே 50-ஆல் வகுத்தால் 65 மி.மீ., அதாவது 8 ஸ்டட். உயரம் தண்டவாளத்திலிருந்து 4,025 மி.மீ.; அது 25 பிளேட். இப்படி மூன்றும் ஒரே விகிதத்தில் ஒத்துப்போவது நமக்கு வாய்த்த நல்லது. தண்டவாளத்திலும் நமக்குத்தான் லாபம். லெகோ பாதையில் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 37.5 மி.மீ. இருக்கிறது. ஐரோப்பிய ரயிலை 50-இல் ஒரு பங்காகக் கட்டினால் பாதை 28.7 மி.மீ. இருக்க வேண்டும், அங்கே பெட்டிக்குக் கீழே பாதை அகன்று தெரியும். நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; 50-இல் ஒரு பங்கு 33.5. நாலு மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டு மாதிரிகளைப் பார்த்து 6 ஸ்டட் அகலத்தில் கட்டத் தொடங்குகிறவர்கள் இந்த வசதியை வீணாக்கிவிடுகிறார்கள்.

சிக்கல் நீளத்தில் வருகிறது. ஐசிஎஃப் பெட்டி 21.3 மீட்டர், 50-இல் ஒரு பங்கு 53 ஸ்டட். இரண்டு போகிகளின் மையங்களுக்கு இடையே (பெட்டியைச் சொல்லவில்லை, அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியைச் சொல்கிறேன்) 37 ஸ்டட். லெகோ ரயில் செட்டுகளோடு வருகிற வளைவுத் தண்டவாளத்தின் ஆரம் 40 ஸ்டட், 320 மி.மீ. தான். அதில் இந்த முழுநீளப் பெட்டியை ஓட்டினால் நடுப்பகுதி வளைவின் உட்பக்கம் 36 மி.மீ. தள்ளி நிற்கும், முனைகளும் ஏறத்தாழ அதே அளவுக்கு வெளியே நீட்டும். பக்கத்துப் பாதையில் நிற்கிற பெட்டியை, நடைமேடையை, சிக்னல் கம்பத்தை எல்லாம் இடித்துக்கொண்டே போகும். ஆரம் 104 ஸ்டட் உள்ள வளைவு பிற தயாரிப்பாளர்களிடம் கிடைக்கிறது. அதில் இந்தத் தள்ளல் 13 மி.மீ. ஆகக் குறையும். ஆனால் முழு வட்டத்துக்குத் தரையில் 1.73 மீட்டர் வேண்டும். ஆரம் 72 என்றால் 1.22 மீட்டர் போதும்.

சாதாரண வீட்டு அறைக்கு நான் பரிந்துரைப்பது: ஆரம் 72 வளைவு, பெட்டி நீளம் 42 ஸ்டட், போகி மையங்களுக்கு இடையே 28. தள்ளல் 11 மி.மீ.க்குள் அடங்கிவிடும். நீளத்தைக் குறைத்ததே தெரியாமல் இருக்க ஜன்னல்களை நெருக்கக் கூடாது, எண்ணிக்கையில் குறைக்க வேண்டும். 72 படுக்கை கொண்ட ஸ்லீப்பர் பெட்டியில் 9 தடுப்புகள். அதை 7 ஆக்கி, தடுப்புக்கு 4 ஸ்டட் கொடுத்தால் 28. இரு முனைகளிலும் கதவு, கழிவறைக்கு ஏழேழு. மொத்தம் 42. பார்க்கிறவர்கள் ஜன்னலை எண்ணிப் பார்ப்பதில்லை, ஆனால் ஜன்னலின் வடிவம் மாறினால் உடனே ஏதோ சரியில்லை என்பார்கள். இன்ஜினையும் இதே விகிதத்தில் சுருக்குங்கள். டபிள்யூஏபி-7 முழு அளவில் 51 ஸ்டட். 40 ஆக்கினால் இந்தப் பெட்டிகளோடு இயல்பாக நிற்கும். ஒன்றை மட்டும் முழுநீளமாக விட்டால் கூட்டமே கெட்டுவிடும்.

சுவர் கட்டும் முறையில் ஒரு அழகான பொருத்தம் இருக்கிறது. உள்கூட்டை 6 ஸ்டட் அகலத்தில் கட்டுங்கள், 48 மி.மீ. அதன் இரு பக்கமும் பிராக்கெட், அதாவது ஸ்டட்டைப் பக்கவாட்டில் திருப்பித் தரும் எல் வடிவப் பாகம். பிராக்கெட்டின் தகடு அரை பிளேட், 1.6 மி.மீ. அதன் மேல் ஒரு பிளேட், அதன் மேல் ஸ்டட் இல்லாத வழுவழுப்பான டைல் ஒன்று, சேர்த்து 6.4 மி.மீ. இரண்டு பக்கமும் கூட்டினால் 48 + 3.2 + 12.8 = 64. துல்லியமாக 8 ஸ்டட். கூரை எங்கேயும் துருத்தாமல் உட்காரும். பிராக்கெட்டுக்குப் பதில் பக்கத்தில் ஸ்டட் உள்ள கட்டையைப் போட்டால் 60.8 தான் வரும். கூரை விளிம்பு இரு பக்கமும் 1.6 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். இரண்டாம் வகுப்பு ஜன்னலின் குறுக்குக் கம்பிக்கு 1×2 கிரில் டைல் அப்படியே பொருந்துகிறது, கோடுகள் படுக்கைவாட்டில் வரும்படி வைத்தால் போதும்.

இந்த முறையின் விலை எடை. பெட்டி கனக்கும், நடுவில் தொங்கும். தரைப் பிளேட்டுகளின் இணைப்பு ஒன்றின் மேல் ஒன்று வராமல் செங்கல் சுவர் கட்டுவது போல மாற்றி அடுக்குங்கள். நடுவே நீளவாக்கில் 1×16 டெக்னிக் கட்டைகளை (பக்கத்தில் துளை உள்ளவை) இரண்டு வரிசையாக ஓட்டுங்கள். இதைச் செய்யாத பெட்டி கட்டிய அன்று நேராகத்தான் இருக்கும். சில மாதம் நின்ற பிறகு கதவு இடுக்கு மேலே மூடி, கீழே திறந்திருக்கும்.

மோட்டார் விஷயத்தில் பலர் சக்தி போதவில்லை என்று புலம்புகிறார்கள். பெரும்பாலும் சக்தி இருக்கும், பிடிப்பு இருக்காது. ரயில் மோட்டாரின் சக்கரத்தில் மெல்லிய ரப்பர் வளையம் உண்டு; அதன் மேல் எடை அழுத்தினால்தான் இழுக்கும். பேட்டரி ஹப்பை (மோட்டாரை இயக்கும் பேட்டரிப் பெட்டி) மோட்டாருக்கு நேர் மேலே வையுங்கள். இப்படிக் கனமாகக் கட்டிய பெட்டிகளை ஐந்துக்கு மேல் மாட்டினால் இரண்டாவது மோட்டார் வேண்டும். இன்ஜினின் இரு முனைகளிலும் எதிரெதிராகத் திருப்பி மாட்டிய மோட்டார்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். கைபேசிச் செயலியில் ஒன்றின் திசையை மாற்றிவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் மோட்டார் பழுது என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. ஹப்பில் ஆறு ஏஏஏ பேட்டரி. சாதாரணப் பேட்டரியில் 9 வோல்ட், ரீசார்ஜ் பேட்டரியில் 7.2 வோல்ட், வேகம் குறையும். நம் பாசஞ்சர் ரயிலுக்கு அந்த வேகமே பொருத்தம், செலவும் மிச்சம். கூரையை நாலு ஸ்டட் பிடிப்பில் மட்டும் உட்கார வைத்தால் பேட்டரி மாற்ற மொத்த இன்ஜினையும் பிரிக்க வேண்டியிருக்காது.

பெட்டிச் சக்கரங்களில் உலோக அச்சு உள்ளதையே வாங்குங்கள். பிளாஸ்டிக் அச்சைப் பிளாஸ்டிக் துளையில் ஓட்டினால் உராய்வு கூடி, நாலு பெட்டியே எட்டுப் பெட்டிச் சுமையாகும். தலைமுடி அச்சில் சுற்றிக்கொள்ளும், ஊசியால் எடுத்துவிடுங்கள். இறுகுகிறதே என்று தேங்காய் எண்ணெய் விடவே கூடாது. நம்மூரில் கை முதலில் அதைத்தான் தேடும். சில வாரத்தில் அது தூசியைப் பிடித்துச் சக்கரத்தை நிறுத்திவிடும். கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போதும்.

இனி டிப்பர். 10.00-20 லாரி டயரின் விட்டம் சுமார் 1,055 மி.மீ., அகலம் 278. லெகோ டயரில் 49.5×20 எடுத்தால் 21-இல் ஒரு பங்கு. அந்த அளவில் டயர் அகலம் 13 மி.மீ. இருக்க வேண்டும், கையில் இருப்பதோ 20. பின்னால் ஜோடி டயர் போடும்போது லாரி உப்பித் தெரியும். 62.4×20 எடுத்தால் 17-இல் ஒரு பங்கு, வேண்டியது 16.4, இருப்பது 20. ஜோடி போட்டாலும் கண்ணை உறுத்தாது. லாரியின் 2.5 மீட்டர் அகலம் 18 ஸ்டட் ஆகும். பெரிய வேலைதான், கட்டையும் நிறைய விழுங்கும், ஆனாலும் 12 சக்கர டிப்பருக்கு இந்த அளவு ஒன்றையே மனசாரச் சொல்வேன்.

முன்னால் இரண்டு அச்சும் திரும்ப வேண்டும். இரண்டையும் ஒரே கோணத்தில் திருப்பினால் இரண்டாவது டயர் தரையில் இழுபடும். டைல் தரையில் கிரீச் என்று கேட்கும். பின் அச்சு ஜோடியின் நடுவிலிருந்து முதல் அச்சு 20 ஸ்டட், இரண்டாவது 15 ஸ்டட் தூரத்தில் இருந்தால், திருப்பும் அளவும் 4-க்கு 3 என்று இருக்க வேண்டும். ஒரு டெக்னிக் நெம்புகோலின் சுழல்மையத்திலிருந்து நாலாவது துளையில் முதல் அச்சின் கம்பியையும், மூன்றாவது துளையில் இரண்டாவதின் கம்பியையும் மாட்டினால் வேலை முடிந்தது.

பின்பக்க ஓட்டத்துக்கு வேகக் குறைப்புப் பல்சக்கரத்தை மோட்டார் பக்கம் வைக்காமல், முடிந்தவரை சக்கரத்துக்கு அருகில் வையுங்கள். நீள அச்சு முழு முறுக்கையும் தாங்கினால் திருகிப்போகும். அச்சுகளைக் கோணத்தில் இணைக்கும் யுனிவர்சல் ஜாயின்ட் கழன்றுவிடும். தொட்டியைத் தூக்க லீனியர் ஆக்சுவேட்டர் (மோட்டார் சுழலச் சுழல நீளும் தண்டு) ஒன்று போதாது, இரண்டு போடுங்கள். முழுதாக நீண்ட பிறகும் மோட்டாரை ஓட்டினால் உள்ளே கிளட்ச் டக் டக் என்று வழுக்கும். அதை ஒரு வசதியாக நம்பி விட்டுவிட வேண்டாம், தேய்ந்துபோகும். சுமைக்கு நிஜ மணல் கூடாது. மணவாளக்குறிச்சிக் கருமணல் பார்க்க எம்-சாண்ட் போலவே அழகாக இருக்கும், ஆனால் ஒரு பருக்கை பல்சக்கரத்துக்குள் போனால் பல்லை அரம் போட்டுவிடும். 1×1 வட்டப் பிளேட்டுகளைக் கொட்டுங்கள்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் ஏறியது. 2021 தொடக்கத்திலிருந்து இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரையும் கட்டாயம். ஆகவே விட்டுப்போன பத்துப் பாகத்துக்காகத் தனியாக வெளிநாட்டுப் பார்சல் வரவழைப்பது கட்டுப்படியாகாது. லெகோ மாதிரியைக் கணினியில் கட்டிப் பார்க்கும் ஸ்டூடியோ மென்பொருள் இலவசம். முழு மாதிரியையும் அதில் கட்டி, பாகப் பட்டியலை எடுத்து, பிராக்கெட், கிரில் டைல் மாதிரி சின்ன உருப்படிகளைப் பத்துக்கு ஒன்று கூடுதலாகச் சேர்த்து ஒரே தடவையாக வாங்குங்கள். மலிவான வேறு தயாரிப்புக் கட்டைகளைக் கலக்கலாம், உள்கூட்டில் மட்டும். நீளவாக்குப் பிளேட்டில் கலந்தால் இம்மி அளவு வித்தியாசம் 42 ஸ்டட்டில் கூடிக்கூடிப் பெட்டியையே வளைத்துவிடும்.

பராமரிப்பில் நம் குமரி மாவட்டத்துக்கென்று தனிக் கவனம் வேண்டும். ஆனி ஆடிச் சாரல் போய் மூச்சுவிடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடுகிறது. குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் காற்றில் உப்பும் சேரும். கட்டைக்கு அதனால் ஒன்றும் ஆகாது. பேட்டரிப் பெட்டியின் ஸ்பிரிங்தான் பச்சை பூக்கும். ஓட்டி முடித்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தால் பஞ்சுக்குச்சியில் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பிறகு போடலாம். மோட்டார் சக்கரத்தின் ரப்பர் வளையம் கண்ணுக்கு நன்றாக இருந்தாலும் இழுத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். வெயிலும் காற்றும் ரப்பரை என்ன செய்யும் என்று ரப்பர் தோட்டங்கள் உள்ள குலசேகரம் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உபரி வளையங்களை மூடிய டப்பாவில் வைத்திருங்கள். டிப்பரை அலமாரியில் வைக்கும்போது சேசிஸுக்கு அடியில் கட்டை அடுக்கி டயரைத் தரையிலிருந்து ஒரு பிளேட் உயரம் தூக்கிவிடுங்கள்; இல்லாவிட்டால் டயரின் அடி தட்டையாகி, ஓடும்போது லாரி குதிக்கும்.

ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் வெள்ளை, சாம்பல், நீலக் கட்டைகள் மஞ்சளிக்கும். பழைய செம்பழுப்புக் கட்டைகள் பிரிக்கும்போதே உடையும். சரக்குப் பெட்டி கட்ட அந்த நிறம் வேண்டுமென்றால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். கழுவ 40 டிகிரிக்கு மேல் சூடில்லாத தண்ணீர், கொஞ்சம் சோப்பு, நிழல் உலர்த்தல். மொட்டைமாடி வெயிலில் பரப்பக் கூடாது.

திறந்த அலமாரியில் வைக்கிறவர்கள் டெக்னிக் துளைகளை அவ்வப்போது எட்டிப் பாருங்கள். 4.8 மி.மீ. துளை சின்னக் குளவிக்கு அளவெடுத்துச் செய்தது மாதிரி. மண் வைத்து அடைத்துவிடும். காய்ந்த மண்ணைக் குத்தி எடுத்தால் துளையின் விளிம்பு கீறும். கட்டையைத் தண்ணீரில் ஊறவிட்டால் மண் தானாகக் கரைந்து வந்துவிடும்.