நூற்பதா, நிதி திரட்டுவதா? அமெரிக்கப் புரட்சியில் பெண்களின் இரு வழிகள்

பிரிட்டிஷ் துணியைப் புறக்கணித்த 1760-களில் அமெரிக்கப் பெண்கள் கூடி ஆளிச் செடியின் நாரை நூற்றார்கள். நாரைப் பிரிக்கச் செடியின் தண்டுகளை ஊறவைப்பதில்தான் சிக்கல்: நாள் குறைந்தால் நாரோடு கட்டை ஒட்டிக்கொள்ளும், கூடினால் நாரே அழுகிவிடும். அரசியல் அடையாளமாகப் பெரிய காரியம். படைக்கு உடுத்தப் போதாது.

அதற்கு இரண்டாவது வழிதான் உதவியது. 1780-இல் பிலடெல்பியாவில் எஸ்தர் ரீட் என்பவர் தலைமையிலான பெண்கள் குழு வீடுவீடாகப் போய் 3,00,000 டாலருக்கு மேல் திரட்டியது. பெரும்பாலும் மதிப்பிழந்த காகித நோட்டு. நாணயக் கணக்கில் ஏறக்குறைய 7,500தான். படைவீரர் ஒவ்வொருவருக்கும் இரண்டு டாலர் ரொக்கமாகத் தர நினைத்தார் ரீட். படைத்தலைவர் வாஷிங்டன் ஒப்பவில்லை: காசு குடிக்குப் போகும், காகித நோட்டாகக் கிடைக்கும் சம்பளத்தின் மீது கசப்பும் வளரும், சட்டை போதும் என்றார். செப்டம்பரில் ரீட் இறந்தார். பெஞ்சமின் பிராங்க்ளினின் மகள் சாரா முதலானோர் லினன் என்னும் ஆளிநார்த் துணி வாங்கித் தாங்களே தைத்தார்கள், கூலி மிச்சம். 2,000-க்கு மேற்பட்ட சட்டைகள். ஒவ்வொன்றிலும் தைத்தவர் பெயர்.