வீட்டு ஒலிப்பதிவுக்கு எந்தக் கணினி: மேக் மினியா, நாமே சேர்ப்பதா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் மாடியறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. மைக்கும் கணினியும் அந்த ஒரே அறையில்தான் இருந்தாக வேண்டும். சென்ற ஆண்டு ஓதுவார் ஐயா ஒருவர் பதிகம் பாட வந்தார். கடைசிச் சொல்லை மெல்ல இறக்கி, மூச்சோடு கரையவிட்டார். பதிவை ஹெட்போனில் கேட்டவர், "வெளியே மழை பெய்ததா தம்பி?" என்றார். மழை இல்லை. என் பழைய கணினியின் மின்விசிறி இரைச்சல் அது.

புதிய கணினி வாங்கும்போது வேகத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஓசையை முதலில் பார்ப்போம் என்று அன்றே முடிவு செய்தேன். எதிரே மூன்று வழிகள் இருந்தன: மடிக்கணினி, ஆப்பிளின் சின்னப் பெட்டிக் கணினியான மேக் மினி, உதிரிபாகங்களை வாங்கி நாமே சேர்க்கும் கணினி.

வேகத்தைப் பற்றி நம்மவர்கள் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு குரலை ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறக்குறைய 520 எம்.பி. தான் ஆகிறது. எட்டு மைக் வைத்தாலும் எந்த எஸ்.எஸ்.டி.யும் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) அசராது. பாடியது கணினி வழியாக ஹெட்போனில் திரும்பக் கேட்க ஆகும் தாமதமும் அப்படித்தான். கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகச் சேர்த்துக் கையாளும் பஃபரை 128 சாம்பிள் என்று வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி நொடி. காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்கவே ஏறக்குறைய 3 மில்லி நொடி ஆகிறது. போக வரச் சேர்த்துப் பார்த்தாலும், இரண்டு மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கத்தைக் கேட்பது போலத்தான்.

மேக்குக்கும் விண்டோஸுக்கும் வேறுபாடு டிரைவரில், அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் மென்பொருளில் இருக்கிறது. மேக்கில் ஒலியைக் கையாளும் கோர் ஆடியோ உள்ளேயே வருகிறது. மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸைச் செருகியதும் பாடலாம். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவரை நிறுவ வேண்டும். அதன் பிறகும் வைஃபை டிரைவரோ வேறு ஏதோ ஒன்றோ இடையில் புகுந்து, பதிவில் 'டிக் டிக்' என்று வெடிப்பு விழலாம். லேட்டன்சிமான் என்ற மென்பொருள் குற்றவாளியைக் காட்டிக் கொடுக்கும். பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்தாலே பாதி தொல்லை தீரும். ஆனாலும் இந்த விஷயத்தில் மேக்குக்கே வெற்றி.

ஓசையிலும் மேக் மினி எளிதாக முந்துகிறது. 12.7 சென்டிமீட்டர் சதுரப் பெட்டி. உள்ளே மின்விசிறி உண்டு, சாதாரணப் பதிவு வேலையில் அது காதுக்கு எட்டுவதில்லை. நாமே சேர்க்கும் கணினியில் அதே அமைதி கிடைக்கும், ஆனால் ஒவ்வொரு பாகத்தையும் பொறுக்கி எடுக்க வேண்டும். சிறிய மின்விசிறி வேகமாகச் சுழன்று கீச்சிடும். 140 மில்லிமீட்டர் விசிறி அதே காற்றை நிதானமாகத் தள்ளும். குறைந்த பளுவில் விசிறியை நிறுத்திவிடும் பவர் சப்ளை வேண்டும். கிராபிக்ஸ் கார்டு இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். கிராபிக்ஸ் உள்ளடங்கிய பிராசஸர் போதும். இன்டெல் பிராசஸரின் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். 7200 ஆர்.பி.எம். ஹார்டு டிஸ்க்கையும் தவிர்த்துவிடுங்கள். நொடிக்கு 120 சுற்று. அந்த 120 ஹெர்ட்ஸ் முனகல் மேசை வழியாக மைக் ஸ்டாண்டுக்கு ஏறும். அக்னி நட்சத்திரத்தில் பதிவுக்காக ஏ.சி.யை அணைத்ததும் அறை கொதிக்கிறது, விசிறிகள் வேகமெடுக்கின்றன. பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்திவைப்பது அதனால்தான் அவசியம்.

மடிக்கணினியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பளு ஏறினால் பெரும்பாலானவை சீறும். ஆப்பிளின் எம் வரிசைச் சிப் கொண்ட மேக்புக் ஏரில் மட்டும் விசிறியே கிடையாது. ஒரு பெரிய நன்மை உண்டு. மின்சாரம் போனதும் தெருவே அடங்கிவிடும், மோட்டார் ஓசை நின்றுவிடும். அந்த அரை மணி நேரம் பேட்டரியில் பதிவதைப் போன்ற சுகம் வேறில்லை. மற்ற இரண்டுக்கும் யு.பி.எஸ். வேண்டும். மேக் மினி குறைவாக மின்சாரம் இழுப்பதால் சிறிய யு.பி.எஸ். கூட நெடுநேரம் தாங்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் பதிவில் ரீங்காரம் கலக்கும்; சைன் அலை இன்வெர்ட்டராகப் பாருங்கள். பழைய வீடாக இருந்தால் முதலில் எர்த்தை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

விலைக்கு வருவோம். எம்4 மேக் மினி 2024-இல் வந்தபோது 16 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. சேமிப்புடன் தொடக்க விலை 59,900 ரூபாய். ஒரு குரல், ஒரு வீணை, ஒரு மிருதங்கம் என்றால் அந்த ரேம் தாராளம். வயலின் கூட்டம், பியானோ என்று முன்பே பதிந்த வாத்திய ஒலித் தொகுப்புகளை (சாம்பிள்) ஏற்றி இசையமைப்பவருக்கு 32 ஜி.பி.யாவது வேண்டும். மேக் மினியில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது. வாங்கும்போதே கூடுதல் பணம் கொடுத்துக் கேட்க வேண்டும். சேர்க்கும் கணினியில் இரண்டு ஸ்லாட்டைக் காலியாக விட்டுவைக்கலாம். 2025 பிற்பகுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு இந்த வசதியின் அருமை கூடியிருக்கிறது.

நான் கடைசியில் நாமே சேர்ப்பது என்று முடிவெடுத்ததற்குக் காரணம் உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் கடற்கரை எங்களுக்குத் தொலைவில்லை. பழைய கணினியைத் திறந்தபோது கேபினட் திருகாணிகளில் செந்துரு பூத்திருந்தது. ஒருநாள் திரை வரவே இல்லை. ரேமைக் கழற்றினேன், பொன்னிறத் தொடுமுனைகள் மங்கிக் கிடந்தன. மகளின் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுச் செருகியதும் உயிர் வந்தது. மேக் மினியில் அப்படிக் கழற்றித் துடைக்க ரேம் தனியாக இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய பின் மின்சாரமின்றிக் கழித்த நாட்களை நினைத்தாலும், கையால் பழுது பார்க்கக்கூடிய பொருளே எனக்கு நிம்மதி தருகிறது. புதுச்சேரியில் குடியிருக்கும், பாட்டு மட்டும் பதியும் என் நண்பருக்கு மேக் மினியைத்தான் வாங்கச் சொன்னேன்.

ஐயா சென்ற மாதம் மறுபடி வந்தார். அதே பதிகம், அதே இடம். கடைசிச் சொல் கரைந்த பிறகு அவர் உள்ளிழுத்த மூச்சு தெளிவாகக் கேட்டது. அதற்குப் பின்னால், வெகு தொலைவில், ஒரு பஸ் ஹாரன். அடுத்த வேலை கதவிடுக்கை அடைப்பது.