கல்லடியில் ஒரு கொமியூனிகேஷன் சேவை

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடந்ததும் பிரதான வீதியில் உள்ள இந்தக் கொமியூனிகேஷன் கடையில் போட்டோ கொப்பியும் பிறின்டும் தெளிவாகக் கிடைக்கின்றன; விலையும் நியாயமானது. நான் இதைப் பிறருக்குச் சொல்வதற்குக் காரணம், மின்னஞ்சல் போன்ற கணக்குகளைத் திறக்க வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைக் கடைக்காரர் கேட்பதே இல்லை என்பதாகும். விசைப்பலகையை வாடிக்கையாளர்கள் பக்கம் நகர்த்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். வேலை முடிந்ததும் அவர்கள் கண்முன்னே கணக்கிலிருந்து வெளியேறி, தரவிறக்கிய கோப்புகளை அழித்துவிடுகிறார். கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய ஆவணத்தை எடுக்க வந்த, தட்டச்சுத் தெரியாத ஓர் அம்மாவுக்கு மட்டும், பக்கத்தில் இருத்தி, கடவுச்சொல்லின் ஒவ்வோர் எழுத்தையும் கேட்டுக் கேட்டுத் தானே தட்டிக் கொடுத்தார்.

அதைச் செய்ய அவர் முதலில் தயங்கினார். அந்தத் தயக்கம் வீணானதல்ல. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின் 3ஆம் பிரிவு, சட்டபூர்வ அதிகாரம் இல்லை என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுக முனைபவருக்கு 1,00,000 ரூபாய் வரை தண்டப்பணமோ, 5 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. எவருக்காவது நட்டம் ஏற்பட்டிருக்க வேண்டும் என்று அப்பிரிவு கேட்பதில்லை. கணினியை இயக்கிவிடுவதே போதுமென்று அதன் விளக்கம் கூறுகிறது. அப்படியானால் அதிகாரம் கொடுக்க வேண்டியவர் கணக்குக்குரிய அம்மாவா, கடவுச்சொல்லைப் பகிரக்கூடாதென்று நிபந்தனை எழுதிவைத்த, அந்தக் கணக்குச் சேவையை வழங்கும் நிறுவனமா? அம்மாவின் சம்மதமே போதும் என்றே நான் கருதுகிறேன். ஆனால் ஏழைக் கடைக்காரர் ஒருவர் இதை ஊகித்துக்கொண்டு தொழில் செய்யும் நிலை இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சைச் சுட்டெண்ணைப் போட்டுப் பெறுபேறு பார்ப்பது நம் ஊரில் வழமை. அது பண்பற்ற செயல்தான். அதற்குச் சிறை என்பது அநியாயம்.

அமெரிக்காவிலும் 1986இல் இயற்றப்பட்ட கணினிக் குற்றச் சட்டம் இதே சிக்கலை உண்டாக்கியது. 2021இல் வான் பியூரன் வழக்கில் அந்நாட்டு உயர் நீதிமன்றம், தனக்கு அனுமதியுள்ள தகவலைத் தகாத நோக்கத்துக்காக ஒருவர் பார்த்தார் என்பதற்காக மட்டும் அச்சட்டத்தை மீறியவராக மாட்டார் என்று எல்லை வகுத்தது. நம் பாராளுமன்றமும் 3ஆம் பிரிவில் தீய நோக்கத்தையும் பாதிப்பையும் நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

கடையில் ஒரு குறை உண்டு: பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாட்களில் இருக்கும் கணினிகள் போதாமல், முதியவர்கள் வெயிலில் நிற்க நேர்கிறது. வாசலில் ஒரு வாங்காவது போட்டால் நல்லது.