'ஒரிஜினலாகவே செய்து தருகிறோம்' என்ற கராஜ் என் ஸ்பிரைட்டுக்குச் செய்த வேலை

மலையகத்தில் வீட்டுக் கொட்டகையில் ஒரு மொரிஸையோ எம்ஜியையோ தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். கண்டிப் பக்கத்துக் கராஜ் ஒன்று என் காரின் எஞ்சினை எடுத்துவிட்டு, அதன் எஞ்சின் நம்பர் குத்திய சின்னத் தகட்டை (பிளேட்) மட்டும் கழற்றி வேறொரு எஞ்சினில் அடித்துத் தந்திருக்கிறது. பொலிசில் முறைப்பாடு இருப்பதால் கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரைவிட அவர்கள் செய்த விதம்தான் உங்களுக்குத் தெரிய வேண்டியது.

கார் 1959ஆம் ஆண்டு ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட், முதல் மாடல். பொனட் மேல் இரண்டு லைட்டும் துருத்திக்கொண்டு தவளை முழிப்பது போல் இருக்குமே, அதுதான். அந்த லைட்டுகளை மடித்து எழும்புகிற மாதிரி வைக்கத்தான் முதலில் யோசித்தார்களாம், செலவு கட்டாமல் அப்படியே நிறுத்திவிட்டார்கள். 1958இல் வந்து 1961 வரைக்கும் இங்கிலாந்தில் அபிங்டன் எம்ஜி தொழிற்சாலையில் செய்தார்கள். என் அப்பா தலவாக்கலைப் பக்கம் டீமேக்கராக இருந்தவர். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஊருக்குத் திரும்பிய ஒரு தோட்டத் தொரையிடமிருந்து வாங்கியது. அதே பழைய ஸ்ரீ எழுத்துப் பதிவு நம்பர், அதே எஞ்சின். அப்பா கடைசி வரைக்கும் அதை விற்கவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தார்கள். இடையில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றத்தில், நேற்று வரை முச்சக்கர வண்டிக்கு டிங்கரிங் செய்தவர்கள்கூட 'கிளாசிக் ரெஸ்டோரேஷன்' என்று போர்டு மாட்டினார்கள். நான் போனது அப்படிப்பட்ட இடமில்லை. நல்ல பெரிய கராஜ், உள்ளே இரண்டு மூன்று பழைய கார்கள் பளபளவென்று நின்றன. முதலாளி மரியாதையாகப் பேசினார், ஸ்பிரைட்டைப் பற்றி நிறையத் தெரிந்தவராகவும் தெரிந்தார்.

நான் கேட்டது சின்ன வேலை. எஞ்சின், கியர்பொக்ஸ், பொடி எல்லாம் இருக்கிறபடியே சுத்தம் செய்து ஓட வைக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு மட்டும் டிஸ்க் பிரேக், இரண்டு சீட் பெல்ட். வேறு எதுவும் மாற்றக்கூடாது. இதை எழுதிக் கொடுத்து, அவர் கையெழுத்தும் வாங்கினேன்.

ஏன் டிஸ்க் பிரேக் என்று கேட்பீர்கள். இந்தக் காருக்கு நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கிப் பாருங்கள், வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்து ட்ரம் சூடேறி, பெடல் கால் வைத்தும் வைக்காதது போல் போய்விடும். 1962 கடைசியில் வந்த ஸ்பிரைட்டுகளுக்குக் கம்பனியே முன்பக்கம் டிஸ்க் போட்டுவிட்டது. அந்தச் செட் பழைய காரிலும் வெட்டாமல் கொள்ளாமல் ஏறும், வேண்டாம் என்றால் கழற்றி ட்ரம்மைத் திரும்பப் போடலாம். மாற்றம் என்றாலே பாவம் என்கிற ஆள் நானில்லை. மஹகஸ்தோட்டையில் மலையேற்றப் போட்டி ஓடிய காலத்திலேயே இந்த மாதிரிக் கார்களை ஆளுக்கொரு விதமாகத் திருத்தித்தான் ஓட்டினார்கள். கழற்றினால் பழையபடி ஆக வேண்டும், கழற்றிய சாமான் என் கொட்டகைக்கு வர வேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு.

பாதிப் பணம் முன்கூட்டியே கொடுத்தேன். கொஞ்ச நாளில் முதலாளியிடமிருந்து அழைப்பு.

"சேர், எஞ்சின் புளொக் வெடிச்சிருக்கு. இனி இது சரிவராது. எங்கிட்ட நிசான் சனி ஏ12 எஞ்சின் ஒண்ணு கியர்பொக்ஸோட இருக்கு. ஃபைவ் ஸ்பீட். போட்டா நுவரெலியாவுக்குப் பறந்து போகலாம்."

வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோவும் வந்தது. இரும்பில் ஒரு கீறல், அவ்வளவுதான். அது எந்த வண்டியின் புளொக் என்று படைத்தவனுக்கே வெளிச்சம்.

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பிரைட் எஞ்சின் 948 சிசி, புதிதாக இருந்தபோதே 43 குதிரைத்திறன்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்று மெலிந்திருப்பதால் அதிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று போய்விடும். சனி எஞ்சினை மொரிஸ் மைனருக்குப் போட்டு ஓட்டுகிறவர்கள் இந்த நாட்டில் ஏராளம், நல்ல எஞ்சின், பார்ட்ஸும் தாராளமாகக் கிடைக்கும். உங்கள் கார், உங்கள் விருப்பம் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். நான் வேண்டாம் என்றேன். எதையும் தொட வேண்டாம், நேரில் வருகிறேன் என்றேன்.

போய்ப் பார்த்தால் கியர்பொக்ஸ் டனலை, அதாவது கியர்பொக்ஸை மூடியிருக்கிற தரை மேட்டை, ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். சனி கியர்பொக்ஸ் உள்ளே போகுமா என்று 'சும்மா அளவு பார்த்தார்களாம்'. இந்தக் காருக்குத் தனியாக சேஸி கிடையாது, பொடிதான் சேஸி. டனல், தரை, இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடுகிற சில், இவை சேர்ந்துதான் காரைத் தாங்குகின்றன. அதைக் கிரைண்டரால் கடித்து வைத்திருந்தார்கள். கோபத்தில் கத்தினேன். முதலாளி முகம் சுளிக்கவில்லை. "சரி சேர், உங்க விருப்பம் போலயே செய்வோம். புளொக்கை வெல்ட் பண்ணி ஒரிஜினலாவே தர்றேன்" என்றார். இன்னொரு யோசனையும் சொன்னார், பின்பக்கத்தை வெட்டி டிக்கிக் கதவு வைத்துத் தரட்டுமா என்று. முதல் மாடல் ஸ்பிரைட்டுக்கு டிக்கிக் கதவே கிடையாது, சாமான்களை சீட்டுக்குப் பின்னால் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரே தகட்டில்தான் பின்பக்கத்தின் பலமே இருக்கிறது. அதை வெட்டி எதைத் தாங்க விடுவார் என்று தெரியவில்லை.

கடைசியில் கார் வந்தது. பெயின்ட் கண்ணாடி மாதிரி. பொனட்டைத் தூக்கினேன் (இந்தக் காரில் முன்பக்கம் முழுதும் ஒரே துண்டாகத் தூக்கும்). இரண்டு எஸ்யூ கார்ப்ரேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று இருந்தது.

"மலையில ரெண்டு கார்ப் சிங்க் ஆகாது சேர். பெட்ரோலும் குடிக்கும்."

தொரைமார் இதே மலையில் இரண்டு கார்ப்போடுதான் ஓட்டினார்கள். உயரத்தில் கலவை தடித்துப்போகும், உண்மை. அதற்கு கார்ப்புக்கு அடியில் இருக்கிற ஜெட் நட்டைக் கொஞ்சம் மேலே திருப்பினால் போதும், கார்ப்பையே கழற்றத் தேவையில்லை. டைனமோ இருந்த இடத்தில் ஒரு ஜப்பான் ஓல்டனேட்டர். ஓல்டனேட்டர் கெட்டதில்லை, மழைக்கால இரவில் லைட்டும் வைப்பரும் சேர்த்துப் போட்டால் டைனமோ திணறும்தான். ஆனால் இந்தக் காரின் ஆர்பிஎம் மீற்றருக்கான கேபிள் டைனமோவின் பின்புறத்திலிருந்துதான் போகிறது. அது போனதும் மீற்றர் செத்துவிட்டது. கேபிளை டேப் சுற்றி டேஷ்போர்டுக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்கள். ஸ்பிரைட்டைப் பற்றி அவ்வளவு பேசிய மனிதருக்கு இது தெரியாமல் இருக்குமா?

கழற்றிய சாமான்களைக் கேட்டேன். "பழைய இரும்பு சேர், எடுக்க வந்தவன் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான்." இரண்டு கார்ப், அவற்றின் மெனிஃபோல்ட், டைனமோ, எல்லாம் பழைய இரும்பாம். வெளிநாட்டில் இவற்றுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அப்பாவின் காலத்தில் இந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய மெக்கானிக் பாஸ் ஒருவர் ஹட்டனில் இன்னும் இருக்கிறார். வயதாகிவிட்டது, கை நடுங்கும், காது மட்டும் அப்படியே இருக்கிறது. காரை அவர் வாசலில் நிறுத்திவிட்டு நான் இறங்குவதற்குள்ளேயே தலையை ஆட்டினார்.

"தம்பி, இது நம்ம எஞ்சின் இல்லை."

நான் பிளேட்டைக் காட்டினேன். எஞ்சினின் வலது பக்கத்தில், டைனமோவுக்கு மேலே, புளொக்கில் ரிவெட் அடித்த சின்னத் தகடு அது. முதல் மாடல் ஸ்பிரைட் என்றால் நம்பர் 9சி என்று தொடங்கும், மொரிஸ் மைனரின் 948 என்றால் 9எம். என் தகட்டில் 9சிதான் இருந்தது, காரின் பதிவுப் புத்தகத்தில் உள்ள அதே நம்பர். பாஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டோர்ச் அடித்துப் பார்த்தார். தகடு பழையது, ஓரம் கறுத்து எண்ணெய் ஊறியது. இரண்டு ரிவெட்டும் புதுசு, அலுமினியம், இன்னும் மினுங்கியது. 1959இல் தொழிற்சாலையில் அடித்த ரிவெட் இப்படி மினுங்காது.

அதோடு அவர் நிற்கவில்லை. அப்பா கேட்டு அவர் அந்த எஞ்சினின் சிலிண்டர்களை உள்ளே கடைந்து 20 தவுசண்ட் பெரிதாக்கிப் போர் பண்ணியிருந்தார், அதாவது அங்குலத்தில் 0.020. ஹெட்டைக் கழற்றினோம். பிஸ்டன் தலையில் கரியைத் துணியால் துடைத்தார். ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் தலையில் அளவு குத்தியிருக்கும். ஒன்றிலும் இல்லை. வேர்னியரை உள்ளே விட்டு அளந்தால் 62.9 மில்லிமீற்றர், தொழிற்சாலை அளவு. நம்முடையது என்றால் 63.4 காட்ட வேண்டும். போர் பண்ணிய சிலிண்டர் திரும்பச் சின்னதாகாது, உள்ளே ஸ்லீவ் என்கிற புது உறை அடித்தால் தவிர. ஸ்லீவ் அடித்த வளையம் எங்கும் தெரியவில்லை. மைனரும் ஸ்பிரைட்டும் ஒரே குடும்ப எஞ்சின் என்பதால் அச்சாகப் பொருந்தியிருக்கிறது. மைனருடையது 37 குதிரைத்திறன், கார்ப் ஒன்று. இரண்டாவது கார்ப் எங்கே போனது என்று அப்போதுதான் விளங்கியது.

வயிற்றைக் கலக்கியது எஞ்சின் இல்லை, பின்பக்கம்தான். முதல் மாடல் ஸ்பிரைட்டின் பின் ஸ்பிரிங் முழு நீளமானதில்லை. கால்வாசித் துண்டு, ஒரு முனை ஆக்ஸிலில், மறுமுனை சீட்டுக்குப் பின்னால் தரைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இறுக்கியிருக்கும். பின்பக்கத்துப் பாரம் முழுதும் அந்த இரண்டு பெட்டியில்தான். இந்த வகைக் கார் துருவில் சாவது என்றால் அங்கேதான் சாகும், நம் ஊர் மழைக்குச் சொல்லவே வேண்டாம். பாஸ் காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். தார் உரிந்தது, கீழே புட்டி, புட்டிக்குக் கீழே ஒன்றுமில்லை. விரல் உள்ளே போனது. ஜாக்கில் தூக்கியபோது ஸ்பிரிங்கோடு தரைத் தகடும் சேர்ந்து அசைந்தது. இந்த நிலையில்தான் அதை நான் கண்டியிலிருந்து ஓட்டி வந்திருக்கிறேன். 'பொடி வெல்டிங், அடிப்பக்கம் முழுவதும்' என்று பில்லில் தனி வரி இருக்கிறது.

இந்த மாதிரிக் கார் உங்களிடம் இருந்தால், கராஜுக்கு விடுவதற்கு முன்பே எஞ்சின் பிளேட்டையும் அதன் ரிவெட்டையும் கிட்டப் பிடித்துப் படம் எடுங்கள். புளொக்கில் மறைவான இடத்தில் ஒரு பஞ்ச் அடையாளம் வைத்துவிடுங்கள், எங்கே என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். அசல் புத்தகத்தைக் கொடுக்காதீர்கள், போட்டோகொப்பி போதும். புளொக் வெடித்திருக்கிறது என்று அழைப்பு வந்தால் போட்டோவை நம்பாமல், எஞ்சின் பிளேட்டும் கீறலும் ஒரே படத்தில் தெரிய வீடியோ கேளுங்கள். எஞ்சினை நீங்களே விரும்பி மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும். 'பிளேட்டை மாற்றி அடித்தால் ஒன்றுமே பதியத் தேவையில்லை' என்று யாராவது சொன்னால் அங்கிருந்து காரை இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு சேஸி நம்பரை அனுப்பிக் கட்டணம் கட்டினால், கார் தொழிற்சாலையை விட்டபோது எந்த எஞ்சின், என்ன நிறம் என்று சான்றிதழ் தருவார்கள். எனக்கு அது வந்திருக்கிறது. முறைப்பாட்டோடு அதையும் பாஸின் அளவுகளையும் சேர்த்திருக்கிறேன். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துச் சொல்லியிருக்கிறேன்.

முதலாளி இப்போது போனை எடுப்பதில்லை. வேறு நம்பரிலிருந்து அழைத்தால் எடுத்து, "வேலை பிடிக்கலன்னா கோர்ட்டுக்குப் போங்க சேர்" என்கிறார். போவேன். அதற்கிடையில் ஸ்பிரிங் பெட்டிகளை ஹட்டனிலேயே புதிதாகத் தகடு வெட்டிச் செய்கிறோம். டனலையும் பாஸின் மகன் சரிசெய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

உங்களிடம் ஒரு உதவி. கண்டியிலோ, பழைய பார்ட்ஸ் விற்கிற கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ, அல்லது யாராவது தெரிந்தவர் மூலமாகவோ, ஸ்பிரைட்டின் 948 எஞ்சின் ஒன்று, பிளேட் இல்லாமல் ரிவெட் துளை மட்டும் தெரிகிறது, 20 தவுசண்ட் போர் பண்ணியது என்று விலைக்கு வந்தால், அல்லது பின்புறம் ஆர்பிஎம் கேபிள் பூட்டுகிற லூகஸ் டைனமோவும் இரட்டை எஸ்யூ செட்டும் ஒன்றாக விற்பனைக்கு வந்தால், வாங்குவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். புளொக்கில் பாஸ் அடித்து வைத்த பஞ்ச் அடையாளம் எங்கே இருக்கிறது என்று எனக்கும் அவருக்கும்தான் தெரியும். நேரில் வந்து பார்த்துச் சொல்லிவிடுவோம்.