சொந்தமாகப் போட்ட புத்தகத்தை எங்கே விற்பது? கிண்டில், பிஓடி, கடை, தபால்

என்னுடையது 144 பக்கச் சிறுகதைத் தொகுப்பு. டெமி அளவு, ஒன்பது ஃபாரம் (பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்). பதிப்பகத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் நானே போடுவது என்று முடிவானதும் நான்கு வழிகள் தெரிந்தன. அமேசான் கிண்டிலில் மின்னூலாக ஏற்றுவது, பிஓடி தளத்தில் போடுவது, ஆஃப்செட்டில் ஐந்நூறோ ஆயிரமோ அடித்துக் கடைகளுக்குக் கொடுப்பது, டிஜிட்டலில் நூறு நூறாக அடித்து நானே தபாலில் அனுப்புவது. கடைசி வழியைத்தான் எடுத்தேன். இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கம்தான் சாயும்.

கைக்காசு போடாமல் வெளியிட வேண்டுமென்றால் கிண்டில். நாமே புத்தகத்தை ஏற்ற அமேசான் வைத்திருக்கும் தளம் கேடிபி; அதில் கணக்கு தொடங்கப் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் போதும். இடையில் அமெரிக்க வரிக்கான கேள்விகள் வரும். அங்கே பான் எண்ணைக் கொடுத்தால் அமெரிக்க விற்பனையில் பிடிக்கும் வரி 30 சதவீதத்திலிருந்து 15 ஆகக் குறையும். மின்னூலுக்கு ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண் தேவையில்லை. கோப்பு மட்டும் யூனிகோடில் இருக்க வேண்டும். கணினியில் தட்டச்சிட்டுப் பக்கம் அமைத்தவர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், மாற்றியபின் ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று முழுப் புத்தகத்தையும் இன்னொரு முறை படித்தாக வேண்டும். இன்னொன்று, கேடிபியின் அச்சுப் புத்தக வசதி அமேசானின் இந்தியத் தளத்துக்குக் கிடையாது. இங்கே அது மின்னூல் கடை மட்டும்தான்.

பிஓடி என்றால் ஆர்டர் வந்தபின் அச்சடிப்பது. 2008-இல் தொடங்கிய பெங்களூரு போத்தி.காம், சென்னையின் நோஷன் பிரஸ் இரண்டும் இதில் தெரிந்த பெயர்கள். வீட்டில் ஒரு பிரதிகூடத் தேங்காது. ஆனால் ஒற்றைப் பிரதியின் அச்சுக்கூலி மொத்தமாக அடிப்பதைவிட அதிகம், அதற்கு மேல் விற்கும் தளத்தின் பங்கு, அதற்கு மேல் வாங்குபவர் தரும் அனுப்புக் கட்டணம். எல்லாம் சேர்ந்தால் 180 ரூபாய்ப் புத்தகம் வாசகருக்கு முந்நூறை நெருங்கிவிடும். நம் ஆட்கள் விலையைப் பார்த்ததும் பக்க எண்ணிக்கையைப் பார்ப்பவர்கள். அறிமுக எழுத்தாளருக்கு அந்த விலை தாங்காது. பாடநூல், துறைசார் கையேடு மாதிரி தேவைப்பட்டவர் எப்படியும் வாங்கும் புத்தகம் என்றால் நானும் பிஓடிக்கே போயிருப்பேன்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். என் முடிவைத் தீர்மானித்தது வசூல்.

புத்தகம் அடிப்பது இன்று யாருக்கும் சிரமமில்லை. விற்ற காசு திரும்பி வருவதில்தான் எல்லாச் சிரமமும். கடைக்குக் கொடுத்தால் கழிவு 35, 40 சதவீதம் போகும். அதுகூட நியாயம்தான், கடைக்கு வாடகை இருக்கிறது. ஆனால் புதியவரின் புத்தகத்தைப் பெரும்பாலும் 'விற்றால் பணம்' என்றுதான் எடுப்பார்கள். பத்துப் பிரதியை வைத்துவிட்டு வருவோம். எத்தனை விற்றது என்பது அவர்கள் சொன்னால்தான் தெரியும். எனக்குத் தெரிந்த ஒரு கவிஞர் தன் தொகுப்பை நாலைந்து ஊர்க் கடைகளில் வைத்தார். ஓராண்டு கழித்துப் பாதி பிரதிகள் முனை மடங்கித் திரும்பின. மீதிக்கான பணத்துக்குப் போன் செய்யக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார். எழுதுகிறவர்கள் பலரும் இந்த ரகம்தான். நானும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலை 180 ரூபாய், அடக்கச் செலவு பிரதிக்கு 75 என்று வைத்துக்கொள்வோம் (அச்சகத்துக்கு அச்சகம் மாறும்). கடை வழியாகப் போனால் 40 சதவீதக் கழிவு போக 108 வரும். அடக்கம் போனால் மிச்சம் 33. அதுவும் வந்தால். நேரடியாக விற்றால் 180 முழுதாக வரும். அதில் அடக்கத்தையும் தபால் செலவையும் உறையையும் கழித்தாலும் 75க்குக் குறையாமல் நிற்கும். முக்கியமாக, பணம் ஜிபேயில் வந்த பிறகுதான் புத்தகம் வீட்டை விட்டுக் கிளம்பும். நூறில் ஐம்பது விற்றாலே அச்சகத்துக்குக் கொடுத்தது திரும்பிவிடும். ஆஃப்செட்டில் அடக்கம் இன்னும் குறையும், உண்மை. ஆனால் அந்த விலைக்கு ஐந்நூறாவது அடிக்க வேண்டும், ஐந்நூறு விற்கக் கடைகள் வேண்டும். திரும்பவும் அதே வசூல்.

தபால் விஷயத்தில் 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபோது சிறு பதிப்பாளர்கள் எல்லாரும் ஆடிப்போனார்கள். 2025 மே முதல் தேதி அதற்குப் பதிலாகப் புத்தகங்களுக்கான 'ஞான் போஸ்ட்' என்ற தபால் சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியில் போவதால் மெதுவாகத்தான் சேரும், ஆனால் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாளில் அடித்த 144 பக்க டெமி, உறையோடு சேர்த்தும் 300 கிராமுக்குள் அடங்கிவிடும். புத்தகத்தில் அச்சகத்தின் பெயரோ பதிப்பாளர் பெயரோ இருக்க வேண்டும், உள்ளே விளம்பரம் இருக்கக் கூடாது. சொந்தமாகப் போடுகிறவர்கள் பதிப்பு விவரப் பக்கத்தை மறந்துவிடாமல் இருக்க இதுவும் ஒரு காரணம்.

இந்த வழியில் சலிப்பு இல்லாமல் இல்லை. முகவரி வாங்குவது, பின்கோடு சரிபார்ப்பது, பணம் வந்ததா என்று பார்ப்பது, அஞ்சலகத்தில் நிற்பது எல்லாம் நம் வேலை. "அனுப்பி வைங்க, அப்புறம் போடறேன்" என்பவர்களிடம் சிரித்துக்கொண்டே நம்பரை மறுபடி அனுப்பப் பழக வேண்டும். சொந்தபந்தங்களுக்குப் பத்துப் பிரதியை முதலிலேயே ஒதுக்கிச் செலவில் எழுதிவிடுங்கள், மனஸ்தாபம் வராது. பெரிய குறை ஒன்று உண்டு: நம்மைத் தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் வாங்கி முடித்ததும் விற்பனை படுத்துவிடும். கடை அலமாரியில் தற்செயலாகக் கண்ணில் பட்டு வாங்கும் வாசகர் இதில் கிடைக்க மாட்டார்.

வசூல் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் கிண்டில் கடைகளைவிட எவ்வளவோ மேல். மாதம் முடிந்து சுமார் 60 நாளில் கேட்காமலே வங்கியில் விழும். இந்தியாவில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35தான். சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, வலைப்பதிவில் போட்ட கதைகளையும் எடுத்துவிட வேண்டும். அச்சுப் புத்தகத்துக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் அச்சு வந்து சில மாதம் கழித்து மின்னூலையும் ஏற்றினேன், முக்கியமாகக் கனடா, ஜெர்மனி வாசகர்களுக்காக. அங்கே ஒரு பிரதி அனுப்பத் தபால் செலவே புத்தக விலையைத் தாண்டும். குடும்ப நாவல்கள் வரிசையாக எழுதுகிறவர்கள் வாசகர்கள் சந்தா கட்டிப் படிக்கும் கிண்டில் அன்லிமிடெடில், படித்த பக்கக் கணக்கில் நன்றாகச் சம்பாதிப்பதாகச் சொல்கிறார்கள். ஒற்றைச் சிறுகதைத் தொகுப்பை வைத்து அதைப் பற்றி நான் அடித்துப் பேச முடியாது.

நூலக ஆணை, அதாவது அரசு நூலகங்களுக்கு மொத்தமாக வாங்கும் ஆர்டர், வரும் என்று நம்பிக் கூடுதலாக அடிக்க வேண்டாம். வந்தால் அப்போது அடித்துக்கொள்ளலாம். ஐஎஸ்பிஎன் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இலவசமாகவே கிடைக்கிறது, அதற்கு யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குத் தெரிந்த பதிப்பகத்தின் அரங்கில் பத்துப் பிரதி வைக்கும் எண்ணம் இருந்தால், நவம்பருக்குள் அச்சகத்தில் கோப்பைக் கொடுத்துவிடுங்கள். டிசம்பரில் எல்லா அச்சகமும் பதிப்பகங்களின் வேலையில் மூழ்கியிருக்கும், நம் நூறு பிரதிக்கு இடம் கிடைக்காது.